பல்லக்காவும் கூப்பிடு தூரமும்

"உங்க பல்லக்காவுக்குக் காலு போச்சாமே?"

முடிதிருத்தும் கடையில் இந்தக் கேள்வி வந்து விழுந்தபோது என் தொண்டைக்கு நேரே சவரக்கத்தி இருந்தது. திரும்ப முடியாமல் கண்ணாடியிலேயே பார்த்தேன். கேட்டவர் டிராவல்ஸ்காரர். அவரிடம் சொன்னது அவர் கொழுந்தியாள். அக்கா இருக்கும் ஊரிலிருந்து போன வாரம்தான் அவள் வந்திருக்கிறாள். அவளும் நேரில் பார்க்கவில்லை, அங்கே ஒரு துணிக்கடையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டாளாம்.

"போச்சுன்னா?" என்றேன், தாடையை அசைக்காமல்.

"போச்சுன்னா போச்சுதான். முட்டி தேஞ்சு, நாற்காலியே கதின்னு இருக்காங்களாம். இந்த வயசுல என்ன ஓட்டம்னு எல்லாரும் சொன்னாங்களாம். கேக்கலையாம்."

'ஆம்' போட்டுப் போட்டே மனுஷியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். வெளியே வந்து, பனியில் நடுங்கிக்கொண்டே அக்காவின் எண்ணை அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

எனக்குச் சாதாரணமாகவே பயம் முன்னால் போகும், நான் பின்னால் போவேன். வீட்டுக்கு நடந்துவந்த வழியெல்லாம் அந்த நாற்காலி எனக்கு முன்னால் உருண்டுகொண்டு போனது.

அக்கா என் பெரியம்மா மகள். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் பல்வரிசை கட்டி, கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார்கள். பல்லக்கா என்ற பெயரை யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாது. அவளே போனை எடுத்து, "பல்லக்கா பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து வரும்போது புருவத்தில் வெள்ளைத்தூள் படிந்திருக்கும். "ஊர்ல எல்லாரும் பல்லைக் காட்டணும்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை செய்றேன்டா" என்பாள்.

படிப்பதற்காக நான் அவள் இருந்த குளிர் தேசத்துக்குப் போனபோது, அறை கிடைக்கும்வரை என்று அவள் வீட்டில் பெட்டியை இறக்கினேன். படிப்பு முடிந்தது, அறை கிடைக்கவில்லை. உண்மையில் தேடவும் இல்லை. மூன்றாம் மாடியில் சின்ன வீடு. கூடத்தில் இருந்த சோபா பகலில் எல்லோருக்கும், இரவில் எனக்கு. சமையலறை ஜன்னல் குளிர்காலம் முழுக்க வியர்த்துக்கொண்டே இருக்கும். அதில் பெரியவள் விரலால் வீடு வரைவாள், சின்னவன் அதை நாக்கால் அழிப்பான். பெரியவள் அப்போதுதான் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சின்னவன் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை.

அத்தான் பேருந்து ஓட்டுநர், மாலை ஷிப்ட். நானும் மாலையில் சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கப் போய்விடுவேன். ஆகவே அக்காவும் அத்தானும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மாடிப்படியில்தான். அவள் ஏறுவாள், அவர் இறங்குவார், நடுப்படியில் சின்னவன் கைமாறுவான்.

"பால் குடிச்சிட்டான். மருந்து குடுக்கல. பெரியவளுக்கு நாளைக்கு வெள்ளைச் சட்டை வேணுமாம்."

"தொட்டுப் பாத்தீங்களா, சூடு இருக்கா?"

"நேரமாச்சும்மா, பஸ் போயிடும்."

"நீங்க ஓட்டாம அது எங்க போகும்?"

ஒரு குடும்பத்தை இப்படி நடுப்படியில் வைத்தே நடத்த முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அந்த வருஷம் இலைகள் எல்லாம் கொட்டித் தீர்ந்த சமயம், நெடுந்தூர ஓட்டப் பந்தயம் ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. அத்தான் ஓட்டும் பேருந்தின் முதுகிலேயே ஒட்டியிருந்தார்கள். குளிர் முடிந்ததும் பந்தயம். அத்தானுக்கு விடுமுறையான ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள்: "நான் ஓடப்போறேன்."

"எங்க?"

"உங்க பஸ்ஸு முதுகுல போட்டிருக்குல்ல, அங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ள, உங்க அக்கா பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினதில்ல. கையைக் காட்டி நிறுத்துவா."

"டிரைவர் பொண்டாட்டி எதுக்கு ஓடணும்? இது வேற."

"நாப்பது கிலோமீட்டருக்கு மேலம்மா அது."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

சின்னவன் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே பதில் சொன்னாள். ஏதோ கடைக்குப் போகிற விஷயம் போலத்தான் சொன்னாள். "கண்ணு முழிச்சதிலேருந்து யாராவது என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க. அம்மா, ஏம்மா, அக்கா. வேலைக்குப் போனா அங்க நாலு பேரு. எல்லாம் எனக்கு வேணும்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரே ஒரு நாள், யாரு கூப்பிட்டாலும் கேக்காத தூரத்துக்குப் போய்ப் பாத்துட்டு வரணும்."

அத்தான் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "வந்துடுவல்ல?" என்றார்.

"வராம? அடுப்புல பாலை வெச்சுட்டுல்ல போவேன்."

போகிறேன் என்று சொல்வது சுலபம், எப்போது பழகுவது? விடியும் முன்பே பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். பகல் முழுக்கப் பல். மாலையில் வீட்டில் பெரியவர் என்று அவள் மட்டும்தான். பிள்ளைகள் சீக்கிரம் தூங்கிவிடுவார்கள், ஆனால் விட்டுவிட்டு எங்கே போவது? வெளியே நடைபாதை கண்ணாடி மாதிரி உறைந்துகிடந்தது.

வழி சின்னவன் தொட்டில் பக்கத்திலேயே இருந்தது. பேபி மானிட்டர். ஒரு பெட்டி பிள்ளை பக்கத்தில் இருக்கும், இன்னொன்றை இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். பிள்ளை புரண்டால்கூட இடுப்பில் கேட்கும். தூரம் அதிகமானால் இரைச்சல் வரும், அதற்கும் மேலே போனால் பீப் பீப் என்று கத்தும். பெட்டி எதுவரை கத்தாமல் இருக்கிறது என்று அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டடம் முழுக்க ஏறி இறங்கிப் பார்த்தாள். கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடம், அதன் கடைசித் தூண் வரை எட்டியது. அந்தத் தூணைத் தாண்டினால் இரைச்சல்.

அப்படித்தான் ஒரு குளிர்காலம் முழுக்க அக்கா கார்களைச் சுற்றி ஓடினாள். பிள்ளைகள் தூங்கியதும் கதவைப் பூட்டிவிட்டு இறங்குவாள். ஒரு முனகல் கேட்டால் போதும், மூன்று மாடியையும் தாவி ஏறிவிடுவாள். "அதுவும் பயிற்சிதானடா" என்பாள்.

கட்டடக் காவலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை. "இது வண்டி போற இடம்மா."

"நானும் போறேன்ல?"

"போறதுன்னா அம்புக்குறி போட்டிருக்கிற பக்கமாத்தான் போகணும். எதிர்ல வந்தா இடிச்சுடுவாங்க." கொஞ்ச நாளில் அவர் வழிக்கு வந்துவிட்டார். ஆனால் அம்புக்குறி விஷயத்தில் மட்டும் கடைசிவரை இறங்கிவரவில்லை.

வேலை முடிந்து நான் அந்த வழியாகத்தான் வருவேன். ஈர டயர் வாசனையும், பக்கத்து அறையிலிருந்து சலவைத்தூள் வாசனையும் கலந்து வரும். ஒரு விளக்கு எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும். காலடிச் சத்தம் முன்னால் வரும். அப்புறம் அவள் இடுப்பிலிருந்து சின்னவன் குறட்டை. அதற்கும் அப்புறம்தான் தூணுக்குப் பின்னாலிருந்து அக்கா வருவாள், வாயில் புகை புகையாய் மூச்சோடு. நிற்கமாட்டாள். "சோறு மூடி வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வளைவில் மறைவாள். மீதி வாக்கியம் அடுத்த சுற்றில் வரும்: "...அப்பளமா நொறுக்காம அந்தக் கண்ணாடி மூடியை மெதுவா எடு."

இன்று எத்தனையோ நல்ல வீடுகளில் இருந்துவிட்டேன். என்னை வரவேற்றது என்று நினைத்தால் அந்தக் கீழ்த்தளம்தான் ஞாபகம் வருகிறது.

சிக்கல் சனிக்கிழமைகளில் தெரிந்தது. அன்று நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். ஆற்றோரச் சாலையில் நீண்ட தூரம் ஓடிவிட்டு வா என்று அவளை அனுப்புவோம். பாதிகூடப் போகாமல் திரும்பிவிடுவாள்.

"என்னக்கா, கால் வலியா?"

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சின்னவன் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"அவன் இங்க என் மடியில தூங்கறான்."

"தெரியும்டா. ஆனா இருந்துச்சு." அவமானத்தோடு சிரிப்பாள். செருப்பில்லாமல் வந்து நின்ற மாதிரி நிற்பாள். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்குப் போகவேண்டும் என்றவளுக்கு, கேட்காத தூரம் வந்ததும் கால் தானாகவே திரும்பியது. அத்தான் என்னிடம் மட்டும் சொன்னார்: "ஓடிடுவா மாப்ள. போயிடுவாளான்னுதான் தெரியல."

பந்தய நாளும் வந்தது. குளிர் இன்னும் முழுதாய்ப் போகவில்லை. தெரு ஓரங்களில் அழுக்குப் பனி குவிந்துகிடந்தது. கிளம்பும்போது பெரியவள் கையில் மானிட்டரோடு ஓடிவந்து, அம்மாவின் இடுப்பில் மாட்டிவிட்டாள். இன்னொரு பெட்டியைத் தம்பியின் தள்ளுவண்டியில் வைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்தவரை ஓட்டம் என்றால் அந்தப் பெட்டியும் சேர்த்துத்தான். குழந்தை ஆசையாக மாட்டியதைக் கழற்ற அக்காவுக்கு மனம் வரவில்லை.

புறப்படும் இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பாலத்துப் பக்கம் நாங்கள் நின்றோம். கூட்டத்தோடு கூட்டமாக அக்கா வந்தாள், கையை ஆட்டினாள், பாலத்தில் ஏறி மறைந்தாள். பெரியவள் கைதட்டி முடிக்கவில்லை, எதிரே ஒரு சலசலப்பு. அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓட, ஒரே ஒருத்தி இந்தப் பக்கம் ஓடிவருகிறாள். அக்காதான். "வழி, வழி!" என்று கத்திக்கொண்டு, முழங்கையால் ஆட்களை விலக்கிக்கொண்டு. இடுப்பில் பெட்டி பீப் பீப் என்று அலறியது.

அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னம்மா இது, ஒன்வேல எதிர்ல வர்ற?"

அக்கா மூச்சு வாங்க நின்றாள். தள்ளுவண்டியைப் பார்த்தாள். சின்னவன் பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது. "சத்தம் வந்துச்சுங்க. கால் திரும்பிடுச்சு" என்றாள். அடுத்த நொடி அவள் முகம் உடைந்தது. "என்னால போக முடியாது. நான் பெட்டி எட்டுற வரைக்கும் ஓடத்தான் லாயக்கு."

பெரியவள் அம்மாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கிளிப்போடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, பெட்டியைக் கழற்றித் தன் பாவாடையில் மாட்டிக்கொண்டாள்.

"தம்பி அழுதா நான் பாத்துக்கறேன். நீ போம்மா. எல்லாரும் போயிட்டாங்க பாரு!"

உண்மையிலேயே எல்லோரும் போயிருந்தார்கள். சாலை காலியாக இருந்தது. அக்கா மகளைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். அப்புறம் அத்தான் தன் பயணிகளிடம் சொல்கிற தோரணையில், "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி இடம் இருக்கு!" என்று கத்தினார். அழுகையும் சிரிப்புமாக அவள் திரும்பினாள், ஓடினாள். பாலத்தின் மேடு அவளை விழுங்கியது. இந்த முறை யாரும் திரும்பி வரவில்லை.

முடியும் இடத்தில் நாங்கள் காத்திருந்தது பெரிய காத்திருப்பு. ஜெயித்தவர்கள் மாலை போட்டு, படம் எடுத்து, வீட்டுக்கே போய்விட்டார்கள். தடுப்புக் கம்பிகளைக் கழற்றி லாரியில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். பெரியவள் அத்தான் தோளில் தூங்கிவிட்டாள். திருப்பத்தில் பார்த்த ஒவ்வொரு உருவத்தையும் அக்கா என்று நினைத்து ஏமாந்து, கடைசியில் அக்காவே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அது ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. வளைவே இல்லாத நேர்ச்சாலையில்கூட இடது தோளைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். கீழ்த்தளத்து அம்புக்குறிகள் உடம்பிலேயே பதிந்துவிட்டிருந்தன.

கோட்டைத் தாண்டித் தரையில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்ற நான் குனிந்தபோது மெதுவாகச் சொன்னாள்: "பாதி தூரம் வரைக்கும் அந்த பீப் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சுடா. அப்புறம் நின்னுடுச்சு. ஒண்ணுமே கேக்கல."

"எப்படி இருந்துச்சு?"

யோசித்தாள். "பயமா இருந்துச்சு. நல்லாவும் இருந்துச்சு." உடனே தலையை நிமிர்த்தி, "என்னங்க, பால் வாங்கியாச்சா?" என்றாள்.

அதற்கப்புறம் அவள் ஓட்டத்தை விடவில்லை. பிள்ளைகள் வளர்ந்தார்கள், பெட்டி எங்கேயோ பரணுக்குப் போனது. நான்தான் வேலை தேடி இன்னொரு தேசத்துக்கு வந்துவிட்டேன். கைபேசி வந்த பிறகு எல்லோரும் அதைக் கையில் கட்டிக்கொண்டு ஓட, அவள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். ஒருமுறை நான் பதறித் திரும்பத் திரும்ப அழைத்ததற்குத் திட்டு வாங்கினேன். "நான் போன் எடுக்கலேன்னா ஓடிக்கிட்டு இருக்கேன்னு வெச்சுக்கோ. எதுக்குடா நீ உடனே ஆஸ்பத்திரி வரைக்கும் போற?"

எனக்கு முன்னால் ஓடுகிற பயத்துக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் பல வாரமாய் நாங்கள் பேசவில்லை. அத்தான் வண்டியில் இருக்கும்போது போனைத் தொடமாட்டார். பெரியவளுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். "அம்மா யாருகிட்டயும் எதுவும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மாமா. நீங்களே நேரா கேளுங்க" என்று பதில் வந்தது. அதை நல்ல செய்தி என்று ஒருமுறையும், கெட்ட செய்தி என்று ஒருமுறையும் படித்தேன்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மறுபடி அழைத்திருக்கிறேன். அங்கே இப்போது பொழுது விடிந்திருக்கும், குளிராய் இருக்கும். அவள் ஓடப் போயிருக்கும் நேரம்தான் இது. நாற்காலியில் இருக்கும் ஒருத்தி அடுத்த அறையில் கிடக்கும் போனை எட்ட முடியாமல் இருந்தாலும் இதே மாதிரிதான் மணி போகும்.

வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன். கை வரவில்லை. கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கட்டும், எடுக்காமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, எடு அக்கா, எடு என்று போனைக் காதில் அழுத்திப் பிடித்திருக்கிறேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது.