எல்லைக் கல்லுக்கு வெளியே முளைத்த கன்றுகள்

பள்ளத்தூருக்குக் கிழக்கே எங்களுக்கு நாலு ஏக்கர் செம்மண் பொட்டல் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில், அதில் மரம் வைத்துத் தோற்றுப்போன ஒரு புரட்டாசியில்தான் இந்தப் பயணம். முந்தின வருடம் விலைக்கு வாங்கி நட்ட தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் சித்திரை வெயிலில் சுருண்டுவிட்டன. "இந்த மழைக்கும் பொழைக்கலைன்னா தைலமரத்துக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுருவேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தைலமரத்தின் அடியில் புல்கூட முளைக்காதே!

நாச்சியாபுரம் பக்கம் ஓர் அய்யனார் கோயில் காடு இருக்கிறது. எங்கள் மண்ணைப் போலவே சிவந்த மண். யாரும் தண்ணீர் ஊற்றாமல் அங்கே நிற்கிற மரம் எங்களிடமும் நிற்கும் அல்லவா? கன்று கேட்டு வரலாம் என்று, பனையோலைக் கொட்டான்களைத் தூக்கிக்கொண்டு, நாத்தனார் விசாலாட்சியுடன் காலை ஆறு மணிப் பேருந்தில் கிளம்பினேன்.

"என்ன ஆச்சி, வெறுங்கொட்டானா தூக்கிட்டுப் போறீக? சம்பந்தி வீட்டுல வசூலா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாப்பா, அய்யனாருதான் சம்பந்தி" என்றாள் விசாலாட்சி.

காரைக்குடியில் பேருந்து மாறி, இறங்கியபின் மாட்டுவண்டி. புழுதி மெல்ல எழுந்து அப்படியே நின்றது. பாதி உறக்கத்தில் பார்த்தபோது, மழைமேகம் ஒன்று வானத்தை விட்டு வந்து தரையில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. அதுதான் காடு.

உள்ளே வீரை, பாலை, காயா மரங்கள் பின்னிக் கிடந்தன. மாட்டு மணிச் சத்தம் எங்கோ போய்விட்டது. பச்சை வெளிச்சத்தில் மண்குதிரைகள் நீந்துவதுபோல் நின்றன. கும்பிட மறந்து நின்றேன்.

பூசாரி வேளாரிடம் விஷயத்தைச் சொன்னோம். "காட்டுலருந்து ஒரு சுள்ளி வெளிய போகக்கூடாது ஆச்சி. கேக்குறதுன்னா சாமியக் கேளுங்க."

பூக்கட்டிப் பார்த்தோம். இலையில் மடித்த இரண்டு பொட்டலங்கள். வெள்ளை அரளி வந்தால் எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. விசாலாட்சி எடுத்தாள். சிவப்பு.

"இன்னொரு தரம் கேப்போமே?" என்று அவள் முணுமுணுத்தாள்.

"ஏன், சாமிக்குக் காது கேக்கலைங்கிறீகளா?" என்றார் வேளார்.

விழுந்து கும்பிட்டு வெளியே வந்தோம். எல்லைக் கல்லுக்கு அப்பால் வெறும் பொட்டல், அங்கங்கே பனைகள். ஒரு பனையடியில் அழுகை முட்ட உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தைப் பார்த்தால், தூரைச் சுற்றி வளையமாகக் கன்றுகள்! வேம்பு, காரை, வக்கணை, குருந்தம், இரண்டு பாலையும்கூட. காட்டில் பழம் தின்ற குருவிகள் பனையில் உட்கார்ந்து போட்ட விதைகள்.

"வேளாரே, இதுவும் சாமியோடதா?" என்று கத்தினேன்.

அவர் கல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தார். "கல்லுக்கு அங்குட்டு போனது சாமியோடது இல்ல ஆச்சி. குருவியோடது."

"குருவி கோவிச்சுக்கிராதா?" இது விசாலாட்சி.

"வேணும்னா அதுக்கும் ஒரு பூக்கட்டிப் பாத்துருவோம்!"

கொட்டான் நிறையக் கன்றுகளோடு வந்தோம். உள்ளே ஈர நிழலில் வளர்ந்த கன்றை எடுத்திருந்தால் எங்கள் வெயிலில் செத்திருக்கும். இவை ஒரு கோடையைப் பொட்டலிலேயே தாண்டியவை. வேண்டாம் என்று சொல்லித்தான் அய்யனார் எனக்குத் தேர்ந்துகொடுத்தார் என்று இன்றும் நம்புகிறேன். அடுத்த சித்திரையில் பாதிக்கு மேல் நின்றன. வீட்டுக்காரர் வேலியோரம் ஒவ்வொரு கன்றாக எண்ணிவிட்டு, "தைலமரத்துக்காரன் வந்தா நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிரு" என்றார்.

போகிறவர்களுக்கு: ஐப்பசி மழைக்கு முன்னால் போங்கள். வேரோடு மண் உருண்டையாகத் தோண்டுங்கள். ஒவ்வொரு பனையடியிலும் பாதியை விட்டுவையுங்கள். நடும்போது ஆவாரஞ்செடியைப் பிடுங்காமல் அதன் நிழலிலேயே நடுங்கள். அன்று பேருந்துக்கு இருவருக்கும் ஒரு ரூபாய் இருபது பைசா, வண்டிக்கு மூன்று ரூபாய், தேங்காய் சூடம் பூவுக்கு அறுபது பைசா ஆயிற்று. நாச்சியாபுரம் பக்கம் என்றதோடு சரி; கூட்டம் கூடிவிடக் கூடாதே என்று காடு இருக்கும் ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை.

இப்போது எங்கள் வேலிக்கு வெளியேயும் கன்றுகள் முளைக்கின்றன. சில காலைகளில் யாரோ தோண்டிப் போன குழிகள் தெரியும். நான் கேட்பதில்லை. அது குருவியோடது.