மாட்சிமை தங்கிய பொறியாளருக்கு ஒரு மனு

போன செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றுக் கூடை இறங்கவில்லை. ஸ்டெல்லா அண்ணியே இறங்கி வந்தார். முழங்கால் வலிக்காரர், படிக்குப் படி நின்று வந்து என் பஞ்சர் கடை வாசலைப் பிடித்துக்கொண்டார். "குமாரு, உங்க அண்ணன் எய்ந்திரிக்கல" என்றார். கையிலிருந்த டியூப் அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் போனது.

நம் ராயபுரம் குடியிருப்பில் அந்தோணி அண்ணனைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவரை நேரில் பார்த்து வருடக்கணக்கானவர்கள்தான் அதிகம். துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலையில் இருந்தவர். கப்பலுக்குள் விழுந்து இடுப்பு போனதிலிருந்து ஒன்பது வருடம் கீழே தெருவுக்கு வரவில்லை. ஜன்னலில் தெரிவதெல்லாம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரிகள். "அதுவும் நம்மள மாதிரியே மாட்டிக்கினு கீது பாரு" என்பார். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் உலகத்து ராஜாக்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் கடிதம் எழுதினார். எங்கே பூகம்பம் என்றாலும், எந்த அரண்மனையில் குழந்தை பிறந்தாலும் இவர் கடிதம் போகும். கூடையில் இறக்குவார், நான் தபாலில் சேர்ப்பேன்.

அதிசயம் என்னவென்றால், பதில்கள் வந்தன. கெட்டித் தாள், மேலே பொன் முத்திரை. அண்ணன் முதலில் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவுவார். பேனா அழுத்திய தடம் இருந்தால்தான் அடுத்து பெயரைப் படிப்பார். அச்சடித்த கையெழுத்தும் செயலாளர் கையெழுத்தும் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். மிச்சம்தான் ஆல்பத்துக்கு. "செக்ரட்டரி போட்டா அது கடுதாசி. ராஜாவே குந்தி போட்டாத்தான்டா கையெழுத்து" என்பார்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். வாய் மட்டும் நிறையப் படித்தது. "இன்னாண்ணே, ராஜா வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கீழிருந்து கத்துவேன். "உன்னத்தான்டா விசாரிச்சாரு. தேர் டயரு பஞ்சராம், வருவியான்னு கேக்குறாரு" என்று மேலிருந்து விழும்.

ஒரு தடவை ஒரு தூதரகத்திலிருந்து அழைப்பே வந்தது. அவர்கள் ராஜாவின் பிறந்தநாள் விருந்து, பெரிய ஓட்டலில். அண்ணன் கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். நாங்கள் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. கீழேயும் வரவில்லை, மேலேயும் போகவில்லை. முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்தபடி, கோட்டு வியர்வையில் நனைய, அசையாமல் உட்கார்ந்திருந்தார். "வூட்லயே வெச்சிடுங்கப்பா. ராஜா தப்பா நெனைக்க மாட்டாரு" என்றார். அன்று எனக்கு ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தரைத்தள வீட்டு ஆசை. நம் கட்டடத்திலேயே ஒன்று காலியானது. மாற்றித் தரச் சொல்லிக் குடியிருப்பு அலுவலகத்துப் பொறியாளருக்கு மூன்று மனு போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. "ஒலகத்து ராஜாலாம் பதில் போட்றான். இங்க ஒருத்தன் போட மாட்றானே" என்று புலம்பினார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அவருக்கும் ராஜாவுக்கு எழுதற மாதிரியே எழுதுண்ணே, உடனே சாவி வரும்" என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. யோசித்தார்.

நான்காவது மனு, 'மாட்சிமை தங்கிய உதவிப் பொறியாளர் அவர்களின் திருச்சமூகத்திற்கு' என்று தொடங்கியது. 'தங்கள் ஆட்சி நீடூழி வாழ்க' என்று முடிந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"நக்கலா?"

"இல்ல சார். அவரு எல்லாருக்கும் இப்டித்தான் எழுதுவாரு."

"எல்லாருக்கும்னா யாருக்குய்யா?"

"ராஜாங்களுக்கு சார்."

அத்தோடு முடிந்தது. 'அலுவலரை இழிவுபடுத்தும் மனு. நிராகரிக்கப்படுகிறது' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். அடுத்த மாதம் அந்த வீட்டில் வேறு குடும்பம் பால் காய்ச்சியது.

அண்ணன் அந்த மனுவையும் திருப்பித் தடவிப் பார்த்தார். "அவரே போட்டுகீறாருடா" என்று ஆல்பத்தில் செருகினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வுடு குமாரு. நீ நல்லதுக்குத்தான சொன்ன. அந்தாளுக்கு மரியாத வாங்கிக்கத் தெரில" என்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "டீ வாங்கியாரட்டுமாண்ணே?" என்றுதான் வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணி ஆல்பத்தை நீட்டி, "உனுக்கு எந்த ராஜா வேணும், எட்த்துக்கோ" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அண்ணிக்காவது அடுத்துக் காலியாகும் கீழ்வீட்டைக் கேட்டு என் கோணல் எழுத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். 'ஐயா' என்று தொடங்குகிறது. திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன்.

அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். நான் நல்லதுக்குச் சொல்லவில்லை, கிண்டலுக்குச் சொன்னேன். அவர் கடைசிவரை நல்லதுக்கென்றே நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது. திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். இனி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.