கஞ்சி போட்ட கட்டு

சித்திரை வெயிலில் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். காலையில் தோள்பட்டையில் ஒட்டியது வேர்வையில் வழுக்கி, மத்தியானத்துக்குள் முழங்கையில் தொங்கும். நழுவாமல் பிடித்துக்கொண்டது என்றால் அது இன்னும் மோசம். பிரிக்கும்போது தோலையும் கூட்டிக்கொண்டு வரும். அறுபதுகளின் தொடக்கத்தில், எடப்பாடிப் பக்கத்து நெசவூர் ஒன்றில், தகரக் கூரை வேய்ந்த சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தேன். பிளாஸ்திரிச் சுருளை அலமாரியில் வைத்தால் பசை உருகி முழுச் சுருளும் ஒரே கட்டியாகிவிடும். அதனால் குடிதண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்த ஈர மணலில் மூடிபோட்ட டப்பா ஒன்றைப் புதைத்து, அதற்குள் வைத்திருப்போம்.

அங்கிருந்த டாக்டர் வயதானவர். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்றால் அவருக்கு உடம்பெல்லாம் கோபம். வேர்வையை ஒற்றி, தோல் நன்றாக உலர்ந்த பிறகுதான் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும் என்பார். கையையோ காலையோ வளையமாகச் சுற்றி ஒட்டக் கூடாது. உள்ளே வீங்கினால் அது இடம் கொடுக்காது, ரத்தம் ஓடாமல் நின்றுபோகும். இடைவெளி விட்டு, துண்டு துண்டாகப் போட வேண்டும். பிரிக்கும்போது தேங்காயெண்ணெயில் ஊறவிட்டு, முடி சாய்ந்த பக்கமாகவே மெதுவாக உரிக்க வேண்டும். கட்டு நனைந்தால் நேரம் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். தப்பினால் கையிலிருக்கும் இடுக்கியால் என் விரல் முட்டியில் ஒன்று போடுவார். அந்த அடியெல்லாம் வாங்கித்தான் நான் கட்டுப் போடக் கற்றேன்.

நான் சேலத்தில் மாதா கோயிலை ஒட்டிய தெருவில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் சண்டை என்றால் வாயோடு போய்விடும். இந்த ஊரிலோ வெயில் ஏற ஏறக் கையும் ஓங்கியது. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மண்வெட்டியால் பிளந்த மண்டை வரும். குடித்துவிட்டு வந்தவன் உதைத்த பெண்டாட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் வழுக்கி விழுந்தேன் என்று கூசாமல் சொல்வாள். சிலரைப் பார்த்தால் அடித்தவனைத் தேடிப்போய் நானே நாலு சாத்தலாமா என்றிருக்கும்.

அந்த வருஷம் சித்திரையில் மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாளன்று காலையில், இளவயது நெசவாளி ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது முன்கை, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே ஆழமாகப் பிளந்திருந்தது. நெசவுத் தெருவில் விடியும்போதே, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி தோய்த்து, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயிலில் உலர்த்துவார்கள். கஞ்சி ஏறிய நூல்தான் தறியில் அறாமல் நிற்கும். நல்ல வெயில் விழுகிற இடம் யாருக்கு என்பதில் இவன் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் வெகுநாளாகப் புகைச்சல். அன்று எதிர்வீட்டுக்காரன், நீட்டியிருந்த பாவு நூலைக் கத்தியால் குறுக்கே அறுத்துவிட்டான். நெசவாளிக்குப் பாவை அறுப்பதும் கழுத்தை அறுப்பதும் ஒன்று. இவன் பாய்ந்து அவன் முகத்தில் குத்த, பாவை அறுத்த கத்தியே இவன் கையில் இறங்கியது. வெட்டியவன் கத்தியைக் கிணற்றில் எறிந்துவிட்டு, தறியில் விழுந்து கிழித்துக்கொண்டான் என்று ஊர் கேட்கக் கத்தினானாம்.

டாக்டர் தையல் போட்டார். மரத்துப்போகப் போட்ட ஊசி பாதி வேலைதான் செய்தது. அவன் கத்திய கத்தலில் வெளியே நின்றவர்கள் கலைந்து போனார்கள். அவன் பெண்டாட்டி, கல்யாணமாகி இரண்டாம் வருஷத்துப் பெண், கண்ணீர் வடிய அவன் தலையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். சல்பா பவுடர் தூவி, துணி மடித்து வைத்து, வேர்வை ஒற்றி, இடைவெளி விட்டு நான் பிளாஸ்திரி போட்டேன். மேல்துணியில் ரத்தம் ஊறிப் பரவியது. நாளைக்கு வந்து கட்டை மாற்றிக்கொள்ள வேண்டும், விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ உடனே ஓடிவர வேண்டும் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் அவன் வரவில்லை. அவனுடைய அண்ணன் மட்டும் வந்தான். தகப்பன் இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். மரியாதையாகத்தான் பேசினான்.

"காப்புக் கட்டியாச்சுங்க நர்சம்மா. நோம்பி முடியாம ஊர்க்கூட்டம் கூடாதுங்க. கத்தி கெணத்துல கெடக்குது. ரத்தக்கட்ட அவுத்து வீசிப்போட்டா, அப்பறம் கூட்டத்துல நாங்க என்னத்தைக் காட்டறதுங்க?"

அந்த ஊரில் அதுதான் வழக்கம். வெட்டுப்பட்டவன் ரத்தம் தோய்ந்த கட்டோடு அம்மன் முன்னால் வந்து நிற்க வேண்டும். வெள்ளைக் கட்டோடு வந்தால் காயம் ஆறிவிட்டது, வழக்கும் ஆறிவிட்டது என்பார்கள். கூட்டத்துக்குக் காட்டக் கட்டு இருக்கும், கை இருக்காது என்று சொன்னேன். டாக்டர் தம் பங்குக்குக் கத்தினார். ஆகட்டுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனவன் தம்பியை அனுப்பவில்லை. ஆளனுப்பியபோது, வீட்டில் கம்பங்கூழ் குடித்துக்கொண்டு சுகமாக இருப்பதாகப் பதில் வந்தது.

சில நாள் கழித்து உச்சிவெயிலில் அந்த நெசவாளியின் பெண்டாட்டி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். கன்னத்தில் அடித்த தடம் இருந்தது. யார் அடித்தார்கள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"வெரலு சில்லுனு இருக்குதுங்க நர்சம்மா. கிள்ளுனாக்கூடத் தெரீலீங்கறாரு" என்றாள்.

டாக்டர் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கஞ்சியின் புளித்த வாடை, அதற்குக் கீழே இன்னொரு வாடை. அந்த இரண்டாவது வாடையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தறிக்குழி ஓரத்தில் அவன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தான். கை மரக்கட்டை போல நீண்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் நிஜமாகவே கட்டை மாதிரி தட்டுப்பட்டது. வேர்வையில் பிளாஸ்திரி வழுக்கிக் கட்டு நழுவவே, அண்ணன்காரன் தனக்குத் தெரிந்த வித்தையைச் செய்திருந்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நூலால் நெருக்கிச் சுற்றி, பாவுக்குப் போடுவதுபோலவே அதன் மேல் கஞ்சி தடவி வெயிலில் உலர்த்தி, மறுபடி தடவி, மறுபடி உலர்த்தியிருக்கிறான். ரத்தக்கறை மட்டும் தெரியட்டும் என்று நடுவில் ஓர் இடத்தை விட்டிருந்தான். கை உள்ளே வீங்க வீங்க, கஞ்சி வெளியே இறுகியிருக்கிறது. விரல் நுனிகள் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் என்ன பேசினேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. கத்தரிக்கோலை எடுத்ததும் அண்ணன்காரன் குறுக்கே வந்தான். நான் அவனைத் தள்ளினேன். அவன் தறிக் கம்பு ஒன்றை உருவி என் தோளில் இறக்கினான். கண் இருண்டது. சுவரில் சாய்ந்து நின்றபோது, அந்தப் பெண் அடுப்பிலிருந்த கஞ்சிச் சட்டியைத் துணி வைத்துத் தூக்கியிருந்தாள். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"தள்ளிக்கங்க மாமா. இல்லீன்னா இது உங்க மேலதான்" என்றாள்.

தம்பி பெண்டாட்டி என்ன செய்துவிடுவாள் என்று நினைத்தானோ என்னவோ, கம்பை அவள் பக்கம் திருப்பினான். அவள் சட்டியை அவன் காலில் கவிழ்த்தாள். அவன் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

கத்தரிக்கோல் ஏறவில்லை. வெந்நீர் ஊற்றினால்தான் கஞ்சி இளகும் என்று சொல்லி அவளே ஊற்றினாள். ஓரத்தில் கொஞ்சம் இளகியதும் நீளவாக்கில் வெட்டிப் பிளந்தேன். கூடு முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே என் பிளாஸ்திரி ஒட்டிய இடமெல்லாம் தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. தையல் சீழில் மூழ்கியிருந்தது. புழு நெளிந்தது. கிள்ளினேன், ஊசியால் குத்தினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தறியில் ஊடைநூல் நாடாவை ஓட்டக் கயிறு இழுக்கிற கை அது. அது இனி இழுக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் ஓடிவந்து சொன்னார். காப்புக் கட்டியபின் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று தெருவே தடுத்தது. நூல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று நின்றிருந்தது. அந்தப் பெண் புருஷனைத் தோளில் சாய்த்தபடி அதில் ஏறினாள்.

"எல்லைய நாந் தாண்டறேன். ஆத்தா கேட்டா நாஞ் சொல்லிக்கறேன்" என்றாள்.

முழங்கைக்கு மேலேயே எடுக்க வேண்டியதாகிவிட்டது. உயிர் மிஞ்சியது.

அவர்கள் திரும்பி வந்தபோது நோன்பி முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரில்தான் அம்மன் கோயில் மைதானம். ஊர்க்கூட்டத்தை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அண்ணன்காரன் அந்தக் கூட்டைப் பத்திரமாக வைத்திருந்தான். வெட்டிய இடத்தை நூலால் தைத்து, மறுபடி கஞ்சி போட்டு உலர்த்தி, அம்மன் முன்னால் வாழையிலையில் கொண்டுவந்து வைத்தான். மணிக்கட்டு ஒடுங்கி, முன்கை பருத்து, அந்தக் கையின் வடிவம் அப்படியே இருந்தது. நடுவில் கறுத்த ரத்தம். தம்பி சட்டைக் கையை மடித்துத் தைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

எதிர்வீட்டுக்காரன் அதைப் பார்த்ததும் பொய் சொல்ல முடியாமல் கும்பிட்டு விழுந்தான்.

"நான் வெட்டுனது நெசந்தானுங்க சாமி. ஆனா நான் வெட்டுனது காயந்தானுங்க. கைய எடுத்தது அதுங்க" என்று இலையைக் காட்டினான்.

பெரியவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்ப்புச் சொன்னார்கள். வெயில் விழுகிற இடம் இனி அண்ணன் தம்பிக்கு. எதிர்வீட்டுக்காரன் அந்தத் தெருவில் பாவு போடக் கூடாது. அண்ணன்காரன் முகம் மலர்ந்து, ஜெயிச்சுட்டம்டா என்று தம்பியின் தோளைத் தட்டினான். அறுபட்ட பக்கத்துத் தோள்.

தம்பி குனிந்து இடது கையால் அந்தக் கூட்டை எடுத்தான். அண்ணனின் முகத்தில் ஓங்கி அடித்தான். கூடு அவ்வளவு கெட்டியாக இருந்தது, அண்ணன் மண்டியிட்டு விழுந்தான். விழுந்தவனை மறுபடி அடித்தான். அது நொறுங்கிக் கையில் நூலாகத் தொங்கும்வரை அடித்துக்கொண்டேயிருந்தான். யாரும் தடுக்கவில்லை. கடைசியில் அவன் பெண்டாட்டிதான் வந்து கையைப் பிடித்தாள்.

கண்ணுக்குக் கீழே கன்னம் பிளந்த காயத்தோடு அண்ணன்காரனை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். என் தோளில் அவன் அடித்த வலி இன்னும் இருந்தது. டாக்டர் தைத்தார். நான் முகத்து வேர்வையை ஒற்றி, விசிறி, உலரவிட்டு, இடைவெளி விட்டுப் பிளாஸ்திரி போட்டேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நாளைக்கு வந்தால் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி திறக்குமுன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தான். எண்ணெய் தடவி ஊறவிட்டு மெதுவாக உரித்தேன். ரத்தம் உறைந்த துணியை இடுக்கியில் பிடித்து அவன் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"கூட்டத்துக்கு வேணுமா? எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன்.

அவன் அதைப் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"வீசிப்போடுங்க சாமி" என்றான்.

வாளியில் போட்டேன். புதுத்துணி வைத்து, பிளாஸ்திரியைக் கிழித்துத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு ஒற்றினாலும் அவன் முகம் உலராததால், ஒட்ட வெகுநேரம் பிடித்தது.