எட்டா, மூன்றா

எங்கள் தெருவில் அவருக்குப் பல்செட்காரர் என்று பெயர். மருந்துக்கடை மாடியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது இருபத்தாறு வருடத் தொழில். ஒரு பல்லின் நிறம் பக்கத்துப் பல்லோடு சேராவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் அவர் ஒரு கார் வாங்கினார். பிரிட்டனில் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்து வைக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவரைவிட வயதில் மூத்தது. நீள மூக்கும் கம்பிச் சக்கரங்களும் சிவப்புப் பூச்சுமாக வாசலில் வந்து நின்றபோது தெருவே வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

விற்றவர் வெளியாள் இல்லை. பல்செட்காரருக்கு முதன்முதலில் வேலை கொடுத்த பெரிய டாக்டர்தான். மருத்துவமனையை மூடிவிட்டு, வண்டி நிறுத்த இடமில்லாத ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்.

"எங்க அப்பா புதுசா வாங்கின வண்டி. அன்னிக்கு எப்படி வந்துதோ அப்படியே இருக்கு. கேட்டவங்க நிறைய பேர். நீங்கதான் ஒழுங்கா பாத்துப்பீங்கன்னு தர்றேன்" என்று சாவியைக் கையில் வைத்தார். பல்செட்காரர் ஒரு காகிதத்தையும் புரட்டிப் பார்க்கவில்லை. டாக்டரைப் போய்ச் சந்தேகப்படுவதா?

பல்செட்காரரின் மனைவி தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை பார்ப்பவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டே சீட்டா? நல்லதாப் போச்சு. உங்க தம்பி குடும்பத்தோட வந்து நின்னா இதக் காட்டித் தப்பிச்சுக்கலாம்" என்றார்.

வினை இன்சூரன்ஸ் வடிவில் வந்தது. இவ்வளவு பழைய வண்டி அசல்தான் என்று பழைய கார் சங்கத்தின் மதிப்பீட்டாளர் சான்று தர வேண்டும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை காலை அந்த மதிப்பீட்டாளர் வந்தார். ஒல்லியான பெண்மணி, சொந்தப் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார். கொடுத்த காபியை வாங்கி மதில்மேல் வைத்துவிட்டு நேராக வண்டிக்கு அடியில் போய்விட்டார். அரை மணி நேரம் கால்கள் மட்டும் தெரிந்தன.

வெளியே வந்ததும் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார். "சார், ரெண்டு விஷயம். கியர் பாக்ஸ் இந்த வண்டியோடது இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு வந்த மாடல்."

"டாக்டர் எதுவும் மாத்தலைன்னு சொன்னாரே."

"சொல்லியிருப்பாரு. அது பரவால்ல, பழைய வண்டில சகஜம். அடுத்ததுதான் கொஞ்சம் சங்கடம். இங்க வாங்க."

என்ஜினுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு இருந்தது. அதில் வண்டியின் எண். நான்காவது இலக்கம் எட்டு, கடைசி இலக்கமும் எட்டு. ஆர்.சி. புத்தகத்திலும் அப்படியே. "தகட்ட யாரு வேணா கழட்டி வேற வண்டில மாட்டலாம். அடிச்சட்டத்துல அடிச்ச நம்பர்தான் பேசும்" என்று டார்ச்சை முன்சக்கரத்துக்கு மேலே காட்டினார். துருவும் பழைய பெயிண்டும் அடைத்துக்கிடந்த இரும்பில் இலக்கங்கள் மங்கலாகத் தெரிந்தன. கடைசி எட்டு தெளிவாக இருந்தது. நான்காவது மட்டும் மூன்று மாதிரி இருந்தது. அதைச் சுற்றிலும் அரம் தேய்த்த கோடுகள்.

"இது வேற வண்டியோட சட்டமா இருக்கலாம். இல்லன்னா யாரோ நம்பரத் திருத்தப் பாத்திருக்கலாம். நான் அப்படித்தான்னு சொல்லல. ஆனா இத வச்சுகிட்டு என்னால கையெழுத்துப் போட முடியாது."

அவர் போன பிறகு பல்செட்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். திருட்டு வண்டியாக இருந்தால்? அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சை அரித்தது. டாக்டர் தெரிந்தே தலையில் கட்டிவிட்டாரா?

செய்தி தெருவில் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. "பொய்ப்பல் செய்யறவருக்கே பொய் வண்டியா!" என்று சலூனில் யாரோ சொல்ல, அது சுற்றிச் சுழன்று அவர் காதுக்கே வந்தது. அவரும் சிரித்து வைத்தார். வண்டிமேல் துணியைப் போட்டு மூடினார்.

டாக்டர் இரண்டு முறை போன் செய்தார். இவர் எடுக்கவில்லை.

"ஏங்க, நேரா கேட்டுடுங்களேன்" என்றார் மனைவி.

"என்னன்னு கேக்கறது? என்னை ஏமாத்திட்டீங்களான்னா? அப்படி இல்லன்னு ஆச்சுன்னா அப்புறம் அவர் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"கேக்காமலே ஏமாத்திட்டார்னு நினைக்கறது மட்டும் சரியாக்கும்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார்.

அடுத்த வாரம் பட்டறையில் ஓர் அச்சைக் கையில் எடுத்தார். பல் கடித்துக் கடித்து மழுங்கிப்போன ஒருவரின் வாயில் எடுத்த ரப்பர் அச்சு. வாய்க்குள் பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கும். அச்சில் மயிரிழை விரிசல்கூடப் புடைத்து நிற்கும். அதை விளக்குக்குப் பக்கத்தில் திருப்பிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார். அச்சு எடுக்கும் பசைக் குழாய்கள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு நடந்தார்.

துருவைச் சுரண்ட மனம் வரவில்லை. சுரண்டினால் உள்ளதும் போய்விடும். தின்னரில் பஞ்சை நனைத்து, ஈறைத் துடைப்பதுபோல மெதுவாகத் துடைத்தார். ஒரு மதியம் முழுவதும் அதற்கே சரியாகப் போனது. பிறகு இரண்டு பசைகளையும் கலந்து இலக்கங்களின்மேல் அழுத்திப் பிடித்தார். ஐந்து நிமிடம். மனைவி பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்தார்.

உரித்து எடுத்த ரப்பரில் எண் முழுவதும் இடம் வலம் மாறிப் புடைத்து நின்றது. சமையலறை மேசையில் வைத்து, விளக்கைச் சாய்த்து, பூதக்கண்ணாடியைப் பிடித்தார். நான்காவது இலக்கத்தின் ஒரு பக்கம் உயரமாக இருந்தது. மறுபக்கத்தில் நூல்போல மெல்லிய இரண்டு வளைவுகள், விட்டுப்போகாமல், முழுசாக.

"எட்டு" என்றார். மறுபடியும், "எட்டுதான். நம்பர் அச்ச சாய்ச்சு அடிச்சிருக்கான் புண்ணியவான். ஒரு பக்கம் ஆழமா எறங்கிருக்கு, இன்னொரு பக்கம் சும்மா பட்டிருக்கு."

"அப்போ அந்த அரம் தேய்ச்ச கோடு?"

"மேலாக்க மட்டும்தான் இருக்கு. நம்பரோட அடிவரைக்கும் போகவே இல்ல. பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி எவனோ துரு தேய்ச்சிருக்கான்."

மனைவி கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். தினமும் நூறு பேரின் கிறுக்கல் முகவரிகளைப் படிக்கிற கண். "இங்க பாருங்க. இந்த எட்டோட கீழ் வளையத்துல சின்னதா ஒரு வெட்டு இருக்கு. கடைசி எட்டுலயும் அதே இடத்துல அதே வெட்டு. ரெண்டும் ஒரே அச்சுல அடிச்சது."

மதிப்பீட்டாளர் அந்த ரப்பர் துண்டைப் பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் அவசரப்பட்டுட்டேன் சார்" என்றார். "இருந்தாலும் தயாரிச்சவங்களோட பழைய பதிவேடுகள வச்சிருக்கிற காப்பகத்துக்கு எழுதிடலாம். அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா யாரும் வாயத் திறக்க முடியாது."

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பார்சல் பிரிவிலிருந்தே அவர் மனைவி அதைக் கையோடு கொண்டுவந்து, பட்டறைப் படி ஏறி, மூச்சு வாங்க மேசைமேல் வைத்தார். வண்டி எண் சரி. என்ஜின் எண் சரி. கப்பல் ஏறிய தேதியும், முதன்முதலில் வாங்கியவராக டாக்டருடைய அப்பாவின் பெயரும் இருந்தன. நிறம் மட்டும் சிவப்பில்லை. வெளிர் நீலம் என்று இருந்தது. பல்செட்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலையே டாக்டர் வீட்டுக்குப் போனார். எதையும் மறைக்கவில்லை. சந்தேகப்பட்டதையும், போனை எடுக்காமல் இருந்ததையும் ஒப்புக்கொண்டார். "மன்னிச்சிடுங்க டாக்டர். உங்களப் போய் அப்படி நினைச்சுட்டேன்."

டாக்டர் அவரைப் பிடித்து உட்காரவைத்தார். "நியாயமாப் பாத்தா நான்தான் மன்னிப்புக் கேக்கணும். அந்த கியர் பாக்ஸ்..."

"சொல்லுங்க."

"பத்தொன்பது வயசு எனக்கு. அப்பா ஊர்ல இல்லாதப்போ பந்தயம் விட்டு உடைச்சுட்டேன். அவர் வர்றதுக்குள்ள எங்கயோ நொறுங்கிக் கிடந்த ஒரு வண்டிலேர்ந்து எடுத்து மாட்டிட்டோம். கேட்டப்போ எதையுமே தொடலைன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது மறந்துபோச்சு."

"அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கறேன். அதுக்கப்புறம் மூணாவது கியர் போடறப்பல்லாம் என்னை ஒரு பார்வை பாப்பார்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். உள்ளேயிருந்து டாக்டரின் மனைவி என்னவோ ஏதோவென்று ஓடிவந்து பார்த்தார்.

சான்றிதழ் அடுத்த மாதமே வந்துவிட்டது. அன்று மனைவிக்குப் பேருந்து தவறிவிட, பல்செட்காரர் துணியை உருவிப் போட்டுவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த ஒருவர் ஜன்னலை இறக்கி, "அசல் வண்டியா சார்?" என்று கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார். "வண்டி அசல்தாங்க. பெயிண்டும் கியர் பாக்ஸும்தான் இடையில வந்தது" என்று சொல்லிவிட்டு, தலைமுடியை முடிந்துகொண்டு, "பச்ச விழுந்தாச்சு, எடுங்க" என்றார்.