மஸ்கட்டிலிருந்து வந்த கவுன்

வெள்ளம் வந்தபோது கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்குள் முட்டளவு தண்ணீர். வடிந்த பிறகும் என் கணவருக்கு உப்பளத்தில் வேலை இல்லை.

"இந்த வருஷம் கடையில எதுவும் வாங்கப் போறதில்ல. ஆனா பரிசு குடுப்போம். கையில இருக்கிறதுல நமக்குப் பிடிச்சதைக் குடுக்கணும். வேண்டாததைக் குடுத்தா அது பரிசே இல்ல" என்று ஒன்பது வயது மகளிடம் சொன்னேன். சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த என் கணவரின் அக்கா அவளுக்கு ஒரு பச்சைக் கவுன் கொண்டுவந்திருந்தார். அக்கா தங்கியிருந்தது மாடி வீடு என்பதால் அது நனையாமல் தப்பியிருந்தது. மகள் அதைப் போட்டுப் போட்டுக் கழற்றினாள்.

பண்டிகைக்கு முந்தைய நாள் சாயங்காலம் கவுனைக் காணவில்லை. கேட்டேன்.

"பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன். அவளுக்கு யூனிபார்ம்கூட இல்லம்மா, எல்லாம் தண்ணில போயிட்டு. பிடிச்சதைத்தான குடுக்கச் சொன்ன?"

என் மகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளை அது. வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

மறுநாள் காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். பச்சைக் கவுனில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாள். என் மகள் மடிப்புப் பிரித்து நீளமாக்கிய பழைய கவுனில் நின்றாள். நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏளா, நான் அங்கயிருந்து சுமந்துட்டு வந்தது ஊருக்குத் தானம் பண்ணவா? வீட்டுல மாத்துத் துணி இல்ல, இதுல தர்மம் வேற! போய்த் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லு."

என் கணவர் என் கையைப் பிடித்து அமுக்கினார். உதறிவிட்டேன்.

"சொல்ல மாட்டேன் மைனி. நீங்க குடுத்ததும் அது அவளுக்குச் சொந்தம். அவ குடுத்ததும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். நாங்க இல்லாதவங்கன்னா எங்க பிள்ளை குடுக்கக் கூடாதா?"

சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நின்றேன். நாத்தனார் எங்களோடு சாப்பிட வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் அழ ஆரம்பித்தாள். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கேட்டு வாங்கட்டுமா?"

"கூடாது."

"எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்மா."

"தெரியும்ளா. அதனாலதான் அது பரிசு."

வேறு வாங்கித் தருகிறேன் என்று ஆறுதல் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்து மத்தியானம்வரை அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போய்விட்டாள்.

நாத்தனார் ஈஸ்டர்வரை போனில்கூடப் பேசவில்லை. பிள்ளையைப் பிழைக்கத் தெரியாதவளாக வளர்க்கிறேன் என்று சொந்தக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். என் கணவருக்கு இப்போது வேலை திரும்பிவிட்டது, கடையில் வாங்கவும் முடியும். எங்கள் வீட்டில் டிசம்பருக்கு இன்னும் அதே சட்டம்தான். மாற்றுவதாக இல்லை.