அண்ணன் கட்டிய பொட்டலங்கள்

கடவுள் உண்டா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. தெரியாது என்பதுதான் என் பதில். அந்தப் பதிலுக்கு எங்கும் மரியாதை கிடையாது. உண்டு என்பவர்களுக்கு நான் திமிர் பிடித்தவன், இல்லை என்பவர்களுக்குப் பயந்தாங்கொள்ளி. எழுபதுகளின் கடைசியில் இந்த இரண்டு பட்டமும் எனக்கு எங்கள் வீட்டிலேயே கிடைத்தன. முதலாவது அம்மா கொடுத்தது, இரண்டாவது அண்ணன் கொடுத்தது.

அண்ணன் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டினார். எப்போதும் கருப்புச் சட்டை. நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே எங்கள் ஊர். அங்கே டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால், திருநீறு பூசியவர்கள் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கும் சரியாகவே பட்டது. ஆனால் தப்பான கணக்கை வாத்தியார் சிவப்பு மையால் அடிப்பது மாதிரிதான் சொல்வார். கேட்டவர்கள் யாரும் சாமியை விடவில்லை, அண்ணனோடு பேசுவதைத்தான் விட்டார்கள். நான் மட்டும் தம்பி என்பதால் மாட்டிக்கொண்டேன்.

"இருக்குன்னாச்சும் சொல்லு, இல்லன்னாச்சும் சொல்லு. ரெண்டுல ஒண்ணச் சொல்லுடா" என்பார்.

"தெரியலண்ணே."

"இதெல்லாம் ஒரு பதிலாடா?"

அப்படி இருந்த ஒரு வருஷத்தில் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. வெகுநாள் மறைத்து வைத்திருந்து, வலி பொறுக்க முடியாமல் போன பிறகுதான் சொன்னார். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். "செஞ்சாப் பொழைக்க வாய்ப்பு இருக்கு. உறுதியாச் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த மாதத்தில் என்னைப் போலப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அம்மா பூக்கட்டிப் பார்க்காமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்றார். எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு வெட்டுவது, வழக்கு, வைத்தியம் எதுவானாலும் குலசாமியிடம் அப்படித்தான் உத்தரவு கேட்பார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் வெளியே தெரியாமல் நாரால் கட்டிச் சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலத்தைப் பூசாரி கட்டுவதுதான் வழக்கம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"பூசாரி என் மொகத்தப் பாத்து எரக்கப்பட்டுருவாரு. சின்னவன் கண்ணத் தொடச்சுக்கிட்டே எதையாச்சும் மாத்தி வச்சிருவான். பெரியவன் கட்டட்டும். அவன்தான் உள்ளத உள்ளபடி செய்வான்."

சாமி இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மகன்தான் சாமி முன்னால் நம்பிக்கையான ஆள் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

குலசாமி கோயில் கண்மாய்க் கரையில் இருந்தது. அண்ணன் அரளிச் செடிகளில் பூப் பறிக்கும்போது நான் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, ரெண்டுலயும் வெள்ளைய வச்சிரு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வச்சா எனக்கும் ஊர ஏமாத்துறவனுக்கும் என்னடா வித்தியாசம்? அம்மா நம்பிக் குடுத்துருக்கா."

"அம்மா உசுருண்ணே."

"ஆபரேஷனுக்கு வரச் சொல்லிப் பேசித்தான் சம்மதிக்க வைக்கணும். பொய் சொல்லி இல்ல."

ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. கட்டி வைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார். பொட்டலத்தை வழக்கமாகச் சின்னப் பிள்ளைகளை விட்டுத்தான் எடுக்கச் சொல்வார்கள். அம்மா, "என் உசுரு, நானே எடுக்கிறேன்" என்று குனிந்து எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

அண்ணன் கத்த ஆரம்பித்தார். கல்லு என்றார், முட்டாள்தனம் என்றார், பூசாரியையும் விடவில்லை. டீக்கடையில் பேசிய அத்தனையையும் அங்கே பேசினார், குரல் மட்டும் உடைந்து உடைந்து வந்தது. அம்மா பூவை முந்தானையில் முடிந்துகொண்டு, "வா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

அதன் பிறகு அண்ணன் தினமும் வாதாடினார். வாதாட வாதாட அம்மா பிடிவாதமானார். கடைசியில் அவர் வாயைத் திறந்தாலே அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நானும் கெஞ்சிப் பார்த்தேன். "ஒனக்கு அதுவும் தெரியாது, இதுவும் தெரியாது. நீ பேசாம இரு" என்றார். அதோடு கெஞ்சுவதை விட்டேன். கட்டி உடைந்து புண்ணான பிறகு, ஷிப்டுக்குப் போகும் முன்னால் தினமும் அதைக் கழுவித் துணி மாற்றியவர் அண்ணன்தான். அந்த நேரத்தில் மட்டும் இருவரும் சண்டை போடமாட்டார்கள்.

அடுத்த தை பிறப்பதற்குள் அம்மா போய்விட்டார். நான் மொட்டை போட்டுக்கொண்டேன். அண்ணன் மறுத்துவிட்டார். பெத்தவளுக்கு முடிகூடக் கொடுக்காத கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். புண் கழுவியதை நான் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. எனக்கு அவர்கள் மேலும் ஆத்திரம், அவர் மேலும் ஆத்திரம். இரண்டு வெள்ளைப் பூ, அவ்வளவுதானே என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு அண்ணன் டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். சாமி பயம் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் இல்லை. கருப்புச் சட்டையும் மாறவில்லை, கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. பேச்சுதான் நின்றுபோனது.

எண்பதுகளில் ஒரு சாயங்காலம் கப்பலூர் பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றிருந்தோம். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. திடீரென்று கேட்டார்.

"அன்னைக்கு ரெண்டுலயும் வெள்ளைய வச்சிருந்தா அம்மா பொழச்சிருக்குமாடா?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியலண்ணே" என்றேன்.

இதெல்லாம் ஒரு பதிலாடா என்று வழக்கம்போலக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். லேத்தில் காய்த்துப்போன கை.

"பொழச்சிருக்கும்னாச்சும் சொல்லு, பொழச்சிருக்காதுன்னாச்சும் சொல்லு. ரெண்டுல ஒண்ணச் சொல்லுடா" என்றார்.