ஒரு ‘ச்’

மகள் வயதுப் பெண்ணைப் பார்த்து எதற்குப் பொறாமைப்படுகிறேன்? எனக்கே தெரியவில்லை.

பெரம்பலூர் சமுதாயக் கல்லூரியில் நானும் அந்தப் பெண் ஷமீமும் டிசைன் படிக்கிறோம். பஸ் ஸ்டாண்டில் வைக்கப்போகும் கல்லூரி ஃபிளெக்ஸுக்கு இன்று சார் என் டிசைனை விட்டுவிட்டு அவளுடையதைத் தேர்ந்தெடுத்தார்.

அதில் ‘கணினிப் பயிற்ச்சி’ என்று இருந்தது. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

“‘ற்’ பக்கத்துல ‘ச்’ வராது, சார்.”

“எழுத்த யாருங்க மேடம் படிக்கப் போறா? கலரப் பாருங்க, அள்ளுது.”

ஷமீம் மவுஸை என் பக்கம் தள்ளினாள். “நீங்களே எடுத்து வுட்டுருங்கக்கா.”

எடுத்தேன்.

மறுநாள் இந்தப் பதிவில் சேர்த்தது: அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கினால் எதிரிலேயே ஃபிளெக்ஸ். அழகாகத்தான் இருக்கிறது. அதில் என் பங்கு, அங்கே இல்லாத ஒரு ‘ச்’. அந்தப் பக்கம் போகிறவர்கள் அதையும் பாராட்டிவிட்டு வாருங்கள்.